படகு முகாமுக்குப் பிள்ளையை அனுப்புமுன்

அமெரிக்காவில் குடியேறியிருக்கும் நம்மவர் குடும்பங்களில், பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டிவிட்டால், பொங்கல் கழிவதற்குள்ளாகவே கோடை விடுமுறையைப் பற்றிய யோசனை ஆரம்பமாகிவிடுகிறது. கணிதத்துக்கு ஒரு முகாம், விஞ்ஞானத்துக்கு ஒரு முகாம் என்று தேடிக்கொண்டிருந்த பெற்றோர்கள், இப்பொழுது துடுப்பு வலிப்பதற்கும் முகாம்கள் உண்டாமே, அதில் சேர்த்துவிட்டால் பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது சுலபமாமே என்று ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். என் தமக்கை மகள் சென்ற கோடையில் அத்தகைய முகாமொன்றில் தங்கிப் பயின்று வந்தாள் என்று கேள்வியுற்ற நண்பர்கள் பலரும் அதைப் பற்றியே என்னிடம் கேட்டவண்ணமிருப்பதால், ஆளுக்கொரு பதிலாகச் சொல்லிக்கொண்டிராமல், எனக்குத் தெரிந்தவற்றையும் என் அபிப்பிராயத்தையும் விஸ்தாரமாகவே எழுதிவிடுவது உசிதமென்று கருதுகிறேன். சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துடுப்பு வலிக்கக் கற்றுக்கொள்வதற்கு இம்முகாம்கள் மிக உத்தமமான இடங்கள், ஆனால், பல்கலைக்கழகத்தில் ஓர் இடத்தை விலைக்கு வாங்கும் உத்தேசத்தோடு பணம் கட்டுகிறவர்களுக்கு அந்த இடமும் கிட்டுவதில்லை, முகாமில் கிடைக்கக்கூடிய மெய்யான லாபமும் கிட்டுவதில்லை.

இந்த விளையாட்டுக்குப் பல்கலைக்கழகங்களில் இவ்வளவு மதிப்பு எப்படி வந்தது என்று கேட்கலாம். அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்றையொன்று எதிர்த்து நடத்திய முதல் விளையாட்டுப் போட்டியே படகுப் போட்டிதான். 1852-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நியூ ஹாம்ப்ஷையர் மாகாணத்திலுள்ள வினிபசாகி ஏரியில் ஹார்வர்டு மாணவர்களும் யேல் மாணவர்களும் போட்டியிட்டார்கள். ஏரிக்கரைக்கு ஜனங்களை வரவழைத்துத் தன் ரயில்களை நிரப்ப விரும்பிய ரயில்வே கம்பெனியொன்று இரு சாராருடைய செலவையும் ஏற்றுக்கொண்டது. வெற்றி பெற்ற ஹார்வர்டு அணிக்கு, வெள்ளிப் பூணிட்ட வால்நட் மரத் துடுப்புகளைப் பரிசாக வழங்கியவர், அவ்வாண்டின் இறுதியில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிராங்க்ளின் பியர்ஸ். அன்று தொட்டு, படகுத்துறை இல்லாத பழைய பல்கலைக்கழகம் ஒரு குறையுள்ள பல்கலைக்கழகமாகவே எண்ணப்பட்டு வந்திருக்கிறது. பிரின்ஸ்டனில் துடுப்பு வலிப்பதற்கு வசதியான நீர்ப்பரப்பு இல்லையே என்ற மனத்தாங்கல் அங்கே பயின்றவரான ஹோவர்டு ரஸ்ஸல் பட்லர் என்ற ஓவியருக்கு இருந்தது. பெருந்தனவந்தரான ஆண்ட்ரூ கார்னகியின் உருவப்படத்தைத் தீட்டும் சந்தர்ப்பம் வாய்த்தபோது அவர் இதை எடுத்துரைக்க, கார்னகி அளித்த பொருளைக்கொண்டு அணை கட்டி, 1906-இல் ஓர் ஏரியையே அங்கே உண்டாக்கிவிட்டார்கள். இன்றும் பிரின்ஸ்டன் மாணவர்கள் பயில்வது அந்தக் கார்னகி ஏரியில்தான்.

கோடையில் மாணவர்கள் ஊர் திரும்பிவிட, படகுகளும் விடுதி அறைகளும் பயிற்சியாளர்களும் இருக்கையில், அவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் திறந்துவிடுவதால் பிறந்தவைதான் இம்முகாம்களில் பெரும்பாலானவை. பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் தங்கள் துறையிலேயே நடத்தும் உறைவிட முகாம்களைத்தான் நம்மவர் அதிகமாக நாடுகிறார்கள். வெர்மாண்டில் கிராஃப்ட்ஸ்பரி போன்ற இடங்களில், ஒருவர் இரண்டு துடுப்புகளைப் பிடித்து வலிக்கும் ஸ்கல்லிங் முறையை நிதானமாகக் கற்பிக்கிறார்கள். ஊர்ப் படகுக் கழகங்கள் காலையில் மட்டும் நடத்தும் வகுப்புகளும் உண்டு. துடுப்பையே தொட்டறியாத பிள்ளைக்கு இவைதாம் ஏற்றவை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் மருமகள் போனது நியூ இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக முகாம். முதல் நாள் நீச்சல் பரீட்சை. அதில் தேறாதவர்களைப் படகில் ஏற்றுவதில்லை. மறுநாள் தொடங்கி, காற்று எழுவதற்கு முன்னால், பொழுது புலரும் வேளையிலேயே ஆற்றுக்குப் போய்விட வேண்டும். அங்கே நான் நேரில் கண்டு வியந்தது படகு செல்லும் வேகத்தையன்று, அதைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவரும் முறையை. எண்மர் படகு ஏறக்குறைய 18 மீட்டர் நீளமுள்ளது. சர்வதேச விதிப்படி அதன் எடை 96 கிலோவுக்குக் குறையலாகாது. அதை எட்டுப் பிள்ளைகள் தோளில் தாங்கிக்கொண்டு, குறுகலான வாயிலின் இரு பக்கங்களிலும் இடித்துவிடாமல் நடந்து வருகிறார்கள். படகில் ஏறும்போது பாதம் வைப்பதற்கென்று குறித்த பலகை ஒன்றே ஒன்றுதான். அதை விட்டு வேறெங்கே மிதித்தாலும் மெல்லிய அடித்தட்டு உடைந்துபோகும். எல்லா உத்தரவுகளும் காக்ஸ் எனப்படும் ஒன்பதாவது ஆளின் வாயிலிருந்தே வருகின்றன. எண்மர் படகின் பின்முனையில் சிறிய இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, தலையில் மாட்டிய ஒலிவாங்கியில் பேசிக்கொண்டே சுக்கானைத் திருப்பும் அந்தக் காக்ஸ் ஒருவருக்குத்தான் படகு போகும் திசை தெரியும். வலிக்கிற எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டியே அமர்ந்திருக்கிறார்கள். "வே நஃப்" என்று காக்ஸ் சொன்னவுடன், கரையில் நடந்துகொண்டிருந்தாலும் சரி, நடு ஆற்றில் வலித்துக்கொண்டிருந்தாலும் சரி, எட்டுப் பேரும் அக்கணமே நிறுத்திவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்பதற்கு அங்கே இடமில்லை. எங்கள் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்கள் சொன்னாலன்றி எழுந்திராத பெண், யாரோ ஒரு பதினைந்து வயதுச் சிறுமியின் சொல்லுக்கு மறுகணமே கட்டுப்பட்டு நின்றதைக் கண்டபோது, இதற்காகவே அந்தப் பணத்தைக் கட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

துடுப்பு வலிப்பது புஜபலத்தால் நடக்கும் காரியம் என்பது வெளியே நின்று பார்ப்பவர்களின் எண்ணம். இருக்கை சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் சறுக்குகிறது; பாதங்கள் படகோடு பிணைத்த காலணிகளில் இறுகியிருக்கின்றன; முழங்கால் மடங்கி முன்னே சென்று, துடுப்பின் தகட்டை நீரில் இறக்கியதும், கால்களால் உதைத்துத் தள்ளி, அதன் பிறகு முதுகைச் சாய்த்து, கடைசியாகத்தான் கைகளை மடக்கி இழுக்க வேண்டும். அதன் பின் தகட்டை நீரிலிருந்து எடுத்து, கிடையாகத் திருப்பி, அவசரப்படாமல் மீண்டும் முன்னே சறுக்கி வருவது உண்டே, அந்த ஓய்வுபோலத் தோன்றும் பாதியில்தான் கற்றவரும் கல்லாதவரும் வெளிப்படுகிறார்கள்; ஏனெனில், அங்கே ஒருவர் விரைந்து சறுக்கினாலும் அத்தனை உடல்களின் பாரமும் பின்முனையை நோக்கி மோதி, ஓடுகிற படகை நிறுத்தப் பார்க்கும். ஒரே உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு, பலத்தைவிடக் காலப் பிரமாணம் எவ்வளவு பெரிது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"மாமா, காலாலே தள்ளு, கையாலே இழுக்காதேன்னு அவங்க சொல்றப்பல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருக்கும். துடுப்பு தண்ணிக்குள்ள போனதும் கை தானா இழுத்துடும்," என்று அவள் தொலைபேசியில் சொன்னாள். உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்து, அவற்றின்மேல் ஒட்டுப்பட்டை சுற்றிக்கொண்டு வலித்தாளாம். தகடு சரியான கணத்தில் நீரைவிட்டு எழாமல் சிக்கிக்கொண்டால், துடுப்பின் பிடி நெஞ்சில் வந்து மோதுகிறது. கிராப் பிடித்தல் என்று அதற்குப் பெயர். வேகமாகச் செல்லும் படகில் அது ஆளையே இருக்கையிலிருந்து தூக்கி எறிந்துவிடுவதும் உண்டு. அவளுக்கும் அது நேர்ந்தது, படகு நின்றது, ஒருவரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிக்கூடப் பாராமல், கையை மட்டும் பின்னே நீட்டி அவள் முழங்காலைத் தட்டிவிட்டு மீண்டும் துடுப்பைப் பிடித்துக்கொண்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் குரலிலிருந்த பெருமிதம், பரீட்சையில் முதலாவதாக வந்தபோதெல்லாம் நான் கேட்டறியாதது.

பகலில் வெயில் ஏறியதும், காலையில் எடுத்த காணொளியைத் திரையிட்டு, ஒவ்வொருவருடைய முதுகையும் மணிக்கட்டையும் நிறுத்தி நிறுத்திக் காட்டித் திருத்துகிறார்கள். அதற்கப்புறம் எர்க். நீரில்லாமல், தரையில் உட்கார்ந்து துடுப்பு வலிப்பதைப் பழகும் இயந்திரம் அது. வெர்மாண்டில் கான்செப்ட் 2 என்ற கம்பெனியை நிறுவிய ட்ரைஸிகாக்கர் சகோதரர்கள், 1981-இல் சைக்கிள் சக்கரமொன்றில் தகடுகளைப் பொருத்தி முதல் இயந்திரத்தைச் செய்தார்கள்; இன்று உலகமெங்கும் படகுத்துறைகளில் இருப்பது பெரும்பாலும் அவர்களுடைய இயந்திரமே. எவ்வளவு வன்மையாக இழுக்கிறோமோ அவ்வளவுக்குக் காற்றின் எதிர்ப்பும் வளரும். எதிரே உள்ள சிறு திரை, அதே வேகத்தில் சென்றால் 500 மீட்டரைக் கடக்க எத்தனை நேரமாகும் என்பதை ஒவ்வொரு இழுப்புக்கும் காட்டிக்கொண்டேயிருக்கும். ஒலிம்பிக் போட்டியின் தூரமான 2000 மீட்டரை இதில் எத்தனை நிமிஷத்தில் முடிக்கிறார் என்பதே பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் முதலில் கேட்கும் கேள்வி. பெண்களின் முன்னணி அணிகளை நாடுகிறவர்கள் 7 நிமிஷம் 30 வினாடிக்கு நன்றாகக் கீழே வந்தாக வேண்டும், ஆண்கள் 6 நிமிஷம் 30 வினாடிக்குக் கீழே வந்தாக வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மனித சரீரத்தின் எல்லை எங்கே இருக்கிறதென்று அறிய விரும்புவோருக்குச் சொல்கிறேன்: ஆஸ்திரேலியரான ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2018-இல் இத்தூரத்தை 5 நிமிஷம் 35.8 வினாடியிலும், அமெரிக்கரான புரூக் மூனி 2021-இல் 6 நிமிஷம் 21.1 வினாடியிலும் முடித்து உலக சாதனை படைத்தார்கள்.

இந்த எண்ணை வைத்து நம் பெற்றோர்கள் படும் கவலையை நான் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலைப் போல அதையும் எழுதி வைத்து, அடுத்த வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். எண் பொய் சொல்லாது என்பது மெய்தான். ஆனால், எர்க் மிதக்காது என்று படகுத்துறைகளில் வழங்கும் வாசகமும் அவ்வளவே மெய். இயந்திரத்தில் நெட்டையான, கனத்த உடலுக்கு அனுகூலம் அதிகம். அதே கனத்தைப் படகு நீரில் இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது என்பதை அந்தத் திரை கணக்கில் சேர்ப்பதில்லை. வளரும் வயதில், இரண்டு கோடைகளுக்கிடையே இந்த எண் வெகுவாகக் குறைவது சகஜமாதலால், பயிற்சியாளர்கள் இன்றைய எண்ணைவிட அது இறங்கிவரும் விதத்தையே கூர்ந்து கவனிக்கிறார்கள்.

இனி, எல்லாரும் கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன். "உங்கள் மகளை எங்கள் முகாமுக்கு அழைக்கிறோம்" என்று ஒரு புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு கடிதம் வந்தால், பயிற்சியாளரே பிள்ளையைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று மகிழ்ந்து, அன்றே பணத்தைக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. ஸ்தாபனத்தின் விதிப்படி, பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் நடத்தும் முகாம், எண்ணிக்கை, வயது, வகுப்பு, ஆண் பெண் என்ற வரையறைகளைத் தவிர வேறெந்தப் பாகுபாடுமின்றி, விரும்பி வருவோர் எவருக்கும் திறந்திருக்க வேண்டும். ஆகவே, அத்தகைய அழைப்பு பெரும்பாலும் ஒரு விளம்பரமே. முதற்பிரிவுப் பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்களுக்கு, அணியில் சேர்த்துக்கொள்வதைப் பற்றி ஒரு மாணவியிடம் பேசவோ அவளுக்கு எழுதவோ, பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15-ஆம் தேதி வரையில் அனுமதி இல்லை. அத்தேதிக்குப் பிறகு பயிற்சியாளரே அவள் பெயரைச் சொல்லி, அவளுடைய எண்ணையும் பள்ளி மதிப்பெண்களையும் கேட்டு எழுதுகிற கடிதம் ஒன்று வருமானால், அதுதான் பொருட்படுத்தத்தக்கது. அது வருவதற்கு முகாமுக்குப் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெண்களுக்கு இத்துறையில் வாய்ப்பு அதிகம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மை, அதற்கு ஒரு வரலாறும் உண்டு. கல்வி நிலையங்களில் ஆண் பெண் பேதம் காட்டலாகாது என்று விதிக்கும் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் 1972-இல் வந்துவிட்டது. ஆயினும், நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் யேல் பல்கலைக்கழகப் படகுத்துறையில் பெண்கள் குளிப்பதற்கு இடமில்லை. ஆண்கள் வெந்நீரில் குளித்துவிட்டு வரும்வரையில், குளிர்கால ஆற்று நீர் தெறித்து நனைந்த உடைகளோடு அவர்கள் பஸ்ஸில் காத்துக்கொண்டிருக்க நேர்ந்தது. 1976 மார்ச் மாதத்தில், கிறிஸ் எர்ன்ஸ்ட் என்ற அணித்தலைவி உட்படப் பத்தொன்பது பெண்கள் உடற்கல்வி அதிகாரியின் அறைக்குச் சென்று, ஆடையைக் களைந்து, தங்கள் மேனியில் எழுதியிருந்த அச்சட்டத்தின் பெயரைக் காட்டியபடி நிற்க, எர்ன்ஸ்ட் தங்கள் குறையை வாசித்தார். செய்தி நாடெங்கும் பரவியது, குளிக்குமிடமும் வந்தது. அவ்வாண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் படகுப் போட்டிகள் முதன்முறையாக இடம்பெற்றன. பிற்காலத்தில், நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்ட ஃபுட்பால் அணிகளுக்கு ஈடாகப் பெண்களின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டியிருந்த பல்கலைக்கழகங்கள், ஏராளமான பேர் தேவைப்படும் படகு அணிகளை ஆதரித்து வளர்த்தன. 1997 முதல் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கென்று தேசியப் போட்டியை நடத்திவருகிறது. ஆண்களின் படகுப் போட்டியோ அந்த ஸ்தாபனத்துக்கு வெளியே, 1895-இல் தோன்றிய ஐ.ஆர்.ஏ. போட்டியாகவே நடக்கிறது, அவர்களுக்கு உதவித்தொகை அபூர்வம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் முதலிய ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் ஆணாயினும் பெண்ணாயினும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையவே கிடையாது; சேர்க்கை அலுவலகத்தில் பயிற்சியாளர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்புண்டு, அவ்வளவே. அந்த வார்த்தையையும் 2019-இல் அம்பலமான சேர்க்கை மோசடியில் சிலர் விலைபேசினார்கள். படகு வலித்தே அறியாத பெண்கள் எர்க் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் புகைப்படங்களைக் காட்டி, அவர்களைப் படகு வீராங்கனைகள் என்று நம்பவைத்த அந்தக் காரியத்தால், உள்ளங்கை கிழிய உழைத்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அவமதிப்பு நேர்ந்தது. எனக்கு அது இன்னும் ஆறாத கோபம்.

முகாமுக்குப் போகாவிட்டால் காலம் கடந்துவிடுமே என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு செய்தி. பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த பிறகு முதன்முதலாகத் தொட்டு, உலகத்தின் சிகரத்தை எட்டக்கூடிய விளையாட்டுகள் வெகு சில. அவற்றுள் இது ஒன்று. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில், இத்தாலியையும் ஜெர்மனியையும் ஒரு வினாடிக்கு மேற்படாத இடைவெளியில் முந்தித் தங்கம் வென்ற வாஷிங்டன் பல்கலைக்கழக எண்மரில் ஒருவரான ஜோ ராண்ட்ஸ், வறுமையில் வளர்ந்து, முதலாண்டு மாணவனாகச் சேர்ந்த பின்னரே படகுக் கொட்டகைக்குள் நுழைந்தவர். 2008-இலும் 2012-இலும் எண்மர் படகில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற சூசன் ஃபிரான்சியா, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் துடுப்பைப் பிடிக்கக் கற்றார். அனுபவமே இல்லாத புதியவர்களை அழைத்துப் பயிற்றுவிக்கும் வழக்கம் இன்றும் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது.

என் தமக்கைக்கு இவையெல்லாம் தெரியாததன்று. இருந்தும், முகாம் முடிந்த அன்று ஆற்றங்கரையில், "தம்பி, இவ்வளவு செலவு பண்ணியாச்சு, அந்த கோச்சுகிட்ட ஒரு வார்த்தை நீ கேட்டுப் பாரேன்" என்றாள். நான் கேட்கவில்லை. அன்றைக்கு நடந்த சிறு பந்தயத்தில் என் மருமகளின் படகு மூன்றாவதாக வந்தது. படகைக் கவிழ்த்துத் துடைத்துத் தாங்கிகளில் ஏற்றிவைத்த பிறகு, அந்தப் பயிற்சியாளர் அவளிடம் தாமாகவே வந்து, "மூன்றாம் நாள் சொன்னதை ஏழாம் நாளும் மறவாமல் செய்தாய்" என்ற பொருள்படச் சொல்லிவிட்டுப் போனார். பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் தேடுவது இதைத்தான் என்பது என் நம்பிக்கை. திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் பக்குவம் எந்த எண்ணிலும் தெரிவதில்லை. சில நாட்கள் உடனிருந்து பார்த்தவருக்கே தெரியும். முகாமினால் சேர்க்கைக்கு ஏதேனும் உபகாரம் உண்டென்றால் அது இந்த வழியில் மட்டுமே உண்டு.

ஆகையால், யாரை அனுப்பலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. துடுப்பையே தொடாத பிள்ளையை முதலில் அருகிலுள்ள படகுக் கழகத்தின் ஆரம்ப வகுப்புக்கு அனுப்புங்கள். விடியற்காலையில் எழுப்பாமலே எழுந்து புறப்படுகிறதா என்று பாருங்கள். ஒரு பருவமாவது வலித்த பிள்ளைக்கே உறைவிட முகாம் பயன்படும். உயரம் போதாது, உடல் மெலிவு என்று பிள்ளையைத் தடுக்காதீர்கள். குரலும் தைரியமும் நிதானமும் உள்ள பிள்ளை காக்ஸாகலாம், நல்ல காக்ஸ் எந்த அணிக்கும் எளிதில் கிடைப்பதில்லை. நீந்தத் தெரியாதென்றால், வேறெதற்கும் முன்னால் நீச்சலைக் கற்பியுங்கள். உறைவிட முகாமுக்கு ஒரு வாரத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். அவ்வளவு பணம் இல்லாத காரணத்தால் ஆர்வமுள்ள பிள்ளை வீட்டிலிருப்பது எனக்குச் சம்மதமில்லை. கட்டணச் சலுகை தரும் முகாம்களும் கழகங்களும் உண்டு. கேட்பதற்கு நம்மவர் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்பட வேண்டாம். சலுகைக்காக ஒதுக்கிய பணம் முதலில் கேட்டவர்களுக்கே போய்விடுமாதலால், குளிர்காலம் முடிவதற்குள் முகாம் நிர்வாகிக்கு எழுதிவிடுங்கள். அந்தக் கடிதத்தைப் பெற்றோர் எழுதாமல் பிள்ளையே எழுதட்டும்.